நட்சத்திரம் யாருக்குச் சொந்தம்?

ஒரு வார்த்தையை அழுத்திச் சொல்லணும். கையில இருக்கிறது வெறும் விசைப்பலகை. தடித்த எழுத்து இல்லை, சாய்வெழுத்து இல்லை, கலர் இல்லை. என்ன பண்ணுவீங்க? முன்னாடி ஒரு நட்சத்திரம், பின்னாடி ஒரு நட்சத்திரம். *கண்டிப்பா* வரணும்னு எழுதி அனுப்பிட்டுப் போயிட்டே இருப்பீங்க. வாங்குறவருக்கும் புரியும். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலயும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இந்தப் பதிவு அந்த நட்சத்திரத்தோட வரலாறு. மார்க்டவுன், மார்க்டவுன்னு பொட்டி தட்டுற மக்கள் தினமும் சொல்றாங்களே, அதோட கதைதான். அந்தப் பக்கமே போகாதவங்களுக்கு ஒரு அறிமுகம்: நோட்பேட் மாதிரி ஒண்ணுல வெற்று உரையா எழுதணும். தலைப்புன்னா வரி ஆரம்பத்துல ஒரு ஹாஷ் குறி. பட்டியல்னா ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஒரு சின்னக் கோடு. அழுத்தம்னா நட்சத்திரம். அவ்வளவுதான். அப்புறம் ஒரு சின்ன நிரல் அதை எச்டிஎம்எல்லா மாத்திடும். மாத்தலைன்னாலும் பரவாயில்லை, அப்படியே படிக்கலாம். இந்த "அப்படியே படிக்கலாம்"ங்கிற இடத்துலதான் மொத்த விஷயமும் இருக்கு. அங்க வந்து சேர நாற்பது வருஷம் ஆச்சு.

கம்ப்யூட்டரை வச்சு ஆவணம் அச்சடிக்கலாம்னு ஆரம்பிச்ச காலத்துல, குறிகள் எல்லாம் இயந்திரத்துக்காகத்தான் இருந்தது. 1964ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜெரோம் சால்ட்சர் ரன்-ஆஃப் என்ற நிரலை எழுதினார். பல பேர் ஒரே சமயத்தில் பங்கு போட்டு வேலை பார்க்கிற ஒரு பெரிய கம்ப்யூட்டர் அது. அதில் உட்கார்ந்து தன்னோட முனைவர் பட்ட ஆய்வுக்கான முன்மொழிவை அடிக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அவர் வச்ச விதி ரொம்ப எளிமை: வரியோட முதல் எழுத்து புள்ளியா இருந்தா அது கட்டளை, இல்லைன்னா அது உரை. நடுவுல வரணுமா, புள்ளி வச்சு நடுன்னு சொல்லு. இடம் விடணுமா, புள்ளி வச்சு இடம்னு சொல்லு. எந்த வரியும் புள்ளியில் ஆரம்பிக்காதே, அதனால குழப்பமே வராது. எழுதிப் பார்த்த ஆள்தான் இப்படி யோசிக்க முடியும்.

இந்தப் புள்ளிக் கட்டளைகள்தான் பெல் லேப்ஸுக்குப் போய் ராஃப் ஆச்சு. யூனிக்ஸ் இன்னைக்கு உலகத்தையே தூக்கிச் சுமக்குதுன்னு சொல்றோம். ஆனா அது ஆரம்பத்தில் தனக்குன்னு ஒரு நல்ல இயந்திரம் வாங்கினது எப்படி தெரியுமா? காப்புரிமைப் பிரிவுக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்ய ஒரு ஏற்பாடு பண்ணித் தர்றோம்னு சொல்லித்தான். 1971ல் அந்தப் பிரிவின் தட்டச்சர்கள்தான் யூனிக்ஸின் முதல் வெளி வாடிக்கையாளர்கள். இயங்குதளம் எழுதணும்னு கேட்டா மேலதிகாரி காசு தரமாட்டார், டைப் அடிக்கணும்னு கேட்டா தருவார். எல்லா ஆபீஸும் ஒண்ணுதான் போல :-)

1973 வாக்கில் ஜோ ஒசானா அச்சுக்கோர்க்கும் இயந்திரத்துக்காக ட்ராஃப் எழுதினார். 1977ல் அவர் இறந்துபோனார். பிரையன் கெர்னிகன் பிறகு அதை எடுத்து வேறு வேறு அச்சு இயந்திரங்களுக்கும் ஒத்துவர்ற மாதிரி மாத்தி எழுதினார். இன்னொரு பக்கம் ஐபிஎம்மில் 1969ல் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரின்னு மூணு பேர், "நடுவுல போடு"ன்னு சொல்றதுக்குப் பதிலா "இது தலைப்பு"ன்னு சொன்னா போதாதான்னு யோசிச்சாங்க. எப்படித் தெரியணும்ங்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம், என்னன்னு மட்டும் இப்ப சொல்லு. பெரிய யோசனை அது. ஜிஎம்எல்னு பேர் வச்சாங்க. மூணு பேரோட முதலெழுத்தும் அதுல வருது பாருங்க. அது 1986ல் எஸ்ஜிஎம்எல்னு சர்வதேசத் தரமாகி, அதோட சாயல்ல எச்டிஎம்எல் வந்து, நாம எல்லாரும் முனை அடைப்புக்குறிக்குள்ள மாட்டிக்கிட்டோம்.

டெக் பத்தியும் சொல்லணும், டொனால்ட் நூத் தன் புத்தகத்தோட அச்சுப்படியைப் பார்த்து நொந்துபோய் 1977ல் ஆரம்பிச்சது. ஆனா அது கணிதக்காரங்க ராஜ்ஜியம், தனிப் பதிவு போடணும். தாண்டிப் போறேன்.

இதுவரைக்கும் சொன்ன எல்லாத்திலயும் ஒரு பொதுக் குணம் உண்டு. மூலக் கோப்பைத் திறந்து படிச்சா கண்ணு வலிக்கும். உரைக்கு நடுவுல கட்டளை, கட்டளைக்கு நடுவுல உரை. எழுதுறவர் மெனக்கெடணும், இயந்திரம் சொகுசா வேலை செய்யும்.

நிற்க. இதே காலத்தில் இயந்திரத்தைப் பத்திக் கவலையே படாத ஒரு கூட்டம் வேற ஒரு பழக்கத்தை வளர்த்துட்டு இருந்தது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் லோயர், ஹையர் எழுதினவங்களுக்கு இது உடனே புரியும். தலைப்பு அடிச்சதும் பேக்ஸ்பேஸ் அடிச்சு அடிச்சு வார்த்தையோட ஆரம்பத்துக்கே வந்து, அடிக்கோட்டை அதுமேலேயே தட்டணும். டைப்ரைட்டரில் எழுத்துக்கு மேல எழுத்து விழும், அதனால அடிக்கோடு வார்த்தைக்குக் கீழே அழகா உட்காரும். அச்சகத்துக்குப் போற கையெழுத்துப் பிரதியில் அடிக்கோடு போட்டா, ஆங்கிலத்தில் அதுக்கு அர்த்தம் "இதைச் சாய்வெழுத்தில் கோர்க்கவும்".

கம்ப்யூட்டர் திரையில் அந்த வித்தை செல்லாது. ஒரு இடத்தில் ஒரு எழுத்துதான். மேல தட்டினா பழையது போயிடும். அப்ப மின்னஞ்சலில் புத்தகப் பேர் எழுதும்போது என்ன பண்றது? கீழே போட முடியாத கோட்டைப் பக்கத்துல போட்டாங்க. வார்த்தைக்கு முன்னாடி ஒரு அண்டர்ஸ்கோர், பின்னாடி ஒண்ணு. _இப்படி_. தட்டச்சுக் காலத்து அடிக்கோடு எழுந்து நின்னு ரெண்டு பக்கமும் காவல் நிக்கிற மாதிரி. அப்படியே நட்சத்திரமும் வந்தது. அடுத்தவர் சொன்னதை மேற்கோள் காட்ட வரி ஆரம்பத்தில் ஒரு முனைக்குறி. பட்டியலுக்குச் சின்னக் கோடு. தலைப்புக்குக் கீழே சமக்குறிகளை வரிசையா அடிச்சு ஒரு கோடு.

1980களில் யூஸ்நெட் குழுமங்களிலும் மின்னஞ்சலிலும் இதெல்லாம் பரவலாச்சு. மின்னஞ்சலுக்கு அழகுபடுத்துற வசதி 1992ல் மைம் விதிகள் வந்த பிறகுதான் ஒரு ஒழுங்கா வர ஆரம்பிச்சது. அதுவரைக்கும் வெற்று உரை மட்டும்தான். யாரும் கமிட்டி போடலை, யாரும் தீர்மானம் நிறைவேத்தலை. ஆனா ஆயிரக்கணக்கான பேர் ஒரே மாதிரி எழுதினாங்க, ஏன்னா படிக்கிறவருக்குப் புரிஞ்சது. ராஃபுக்கு ஒரு ஆசிரியர் உண்டு, நட்சத்திரத்துக்கு ஆசிரியர் கிடையாது.

இந்த மக்கள் பழக்கத்தை முதன்முதலா மரியாதையோட எடுத்து விதியாக்கினவர்னு நான் நினைக்கிறது இயன் ஃபெல்ட்மன். 1991 வாக்கில் அவர் உருவாக்கினது செடெக்ஸ்ட். மேக் கம்ப்யூட்டர் பத்தி வாராவாரம் வந்துட்டு இருந்த டிட்பிட்ஸ் என்ற மின்னிதழ் 1992ல் அந்த வடிவத்துக்கு மாறிச்சு. அதுக்கு முன்னாடி அந்த இதழ் ஹைப்பர்கார்டில் வந்துட்டு இருந்தது. மேக் இருந்தாத்தான் படிக்கலாம். செடெக்ஸ்டில் வந்ததும் எந்தப் பாடாவதிப் பொட்டியிலயும் படிக்கலாம். தனியா ஒரு நிரல் வச்சிருந்தா தலைப்பு தலைப்பா பிரிச்சும் காட்டும். மென்பொருள் இருந்தா கூடுதல் வசதி, இல்லைன்னா ஒரு நஷ்டமும் இல்லை.

1992ல் இருந்த எத்தனை மென்பொருள் இன்னைக்கு ஓடும்? அந்த இதழ்களை இன்னைக்கும் எதுலயும் திறந்து படிக்கலாம்.

இந்த இடத்துல நம்ம ஊர்க் கதை கொஞ்சம் சொல்லியே ஆகணும். வெற்று உரைதான் சாசுவதம்னு அமெரிக்காக்காரர் சொல்லலாம். தமிழுக்கு 1990களில் வெற்று உரைன்னு ஒண்ணு உண்மையில் இருந்ததா? எழுத்துருவுக்கு எழுத்துரு குறியாக்கம் மாறும். தஸ்கியில் அடிச்சதைப் பாமினியில் திறந்தா வேற்றுகிரக பாஷை. கோப்பு வெற்று உரைதான், ஆனா எந்த எழுத்துருவில் படிக்கணும்னு கோப்புக்குள்ள எங்கேயும் எழுதியிருக்காது. 1998ல் தொடங்கின மதுரைத் திட்டம் தஸ்கியில் ஏத்தின நூல்களை எல்லாம் பிறகு யூனிகோடுக்கு மாத்த வேண்டியிருந்தது. பொங்குதமிழ் மாற்றியில் பழைய மடல்களைப் போட்டு ஒவ்வொண்ணா மாத்தினவங்க இதைப் படிக்கிறவங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. நமக்கு வெற்று உரைங்கிறது யூனிகோடு பரவினப்புறம்தான் கிடைச்சது. அதனாலயே எனக்கு அதுமேல மரியாதை ஜாஸ்தி.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1995 மார்ச் 25ம் தேதி வார்ட் கன்னிங்ஹாம் விக்கிவிக்கிவெப்பைத் திறந்து விட்டார். ஹவாய் ஹோனலூலு விமான நிலையத்து ஷட்டில் பஸ்ஸோட பேர்ல இருந்து எடுத்த பேர் அது. விக்கின்னா ஹவாய் மொழியில் சீக்கிரம்னு அர்த்தம். வர்றவங்க போறவங்க எல்லாரும் திருத்தலாம்ங்கிறப்ப எச்டிஎம்எல் தெரிஞ்சாத்தான் உள்ள வரலாம்னு சொல்ல முடியாதே. அதனால ரெண்டு ஒற்றை மேற்கோள் போட்டா சாய்வு, மூணு போட்டா தடிப்பு. வேற பக்கத்துக்கு இணைப்பு வேணும்னா, ரெண்டு வார்த்தையைச் சேர்த்து எழுதி ஒவ்வொண்ணுக்கும் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாப் போட்டாப் போதும், தானே இணைப்பாயிடும்.

அழகான யோசனை. ஆனா தமிழ்ல பெரிய எழுத்து ஏது, சின்ன எழுத்து ஏது? இந்தி, அரபி, சீனம், ஜப்பான் எதுக்கும் இது ஒத்துவராது. 2001 ஜனவரியில் ஆரம்பிச்ச விக்கிப்பீடியாவும் முதல்ல இதே வழியிலதான் போச்சு. நல்ல வேளையா அந்த வருஷமே இரட்டைச் சதுர அடைப்புக்குறி வந்துடுச்சு. 2003ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கினப்ப நம்மாளுங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இல்லாட்டி ஒரு இணைப்பு போடுறதுக்குள்ள விடிஞ்சிருக்கும். இந்தப் பெரிய எழுத்து சமாச்சாரத்தை மனசுல ஓரமா வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

2000த்துக்கு அப்புறம் இந்த மாதிரி மொழிகள் மழைக்கால ஈசல் மாதிரி வந்தது. பைத்தான்காரங்களுக்கு டேவிட் குட்ஜர் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் எழுதினார். 2002ல் டீன் ஆலன் டெக்ஸ்டைல் எழுதினார். எழுத்தின் அழகைப் பத்தி ஓயாம யோசிச்ச மனுஷன். 2018 ஜனவரியில் இறந்துட்டார். அதே 2002ல் ஸ்டூவர்ட் ராக்கமின் ஆஸ்கிடாக். அடுத்த வருஷம் கார்ஸ்டன் டொமினிக்னு ஒரு வானியல் விஞ்ஞானி, இமாக்ஸுக்குள்ளேயே ஆர்க் மோடைக் கட்டினார். ஒவ்வொண்ணுக்கும் ரசிகர் மன்றம் உண்டு, சண்டைக்கும் வருவாங்க. நான் ஒதுங்கிக்கிறேன்.

அந்த 2002ல் வந்த இன்னொண்ணு ஏடிஎக்ஸ். தலைப்புக்கு முன்னாடி ஹாஷ் குறி போடுற வழக்கத்துக்கு இன்னைக்கும் தொழில்நுட்ப ஆவணங்களில் ஏடிஎக்ஸ் தலைப்புன்னுதான் பேர். கீழே சமக்குறிக் கோடு போட்டா செடெக்ஸ்ட் தலைப்பு. ஏடிஎக்ஸை எழுதினவர் ஆரன் ஸ்வார்ட்ஸ். அப்ப அவர் வயசு பதினைந்து, பதினாறு இருக்கும்.

ஜான் க்ரூபர் பிலடெல்பியாக்காரர். டேரிங் ஃபயர்பால்னு ஆப்பிள் பத்தி எழுதுற வலைப்பதிவர். 2004 மார்ச்சில் அவர் மார்க்டவுனை வெளியிட்டார். மார்க்-அப்புக்கு எதிர்ப்பதமா ஒரு குறும்புப் பேர். பெர்ல் மொழியில் ஒரே ஒரு கோப்பு. அவர் எழுதி வச்ச கொள்கை விளக்கம் என்னன்னா: மார்க்டவுனில் எழுதின ஆவணத்தை அப்படியே, எதுவும் மாத்தாம, வெற்று உரையாவே வெளியிட முடியணும், பார்த்தா குறியும் கட்டளையும் நிரம்பின மாதிரி தெரியக்கூடாது. தனக்கு ஆகப் பெரிய தூண்டுதல் வெற்று உரை மின்னஞ்சலின் வடிவம்தான்னு வெளிப்படையாச் சொன்னார். செடெக்ஸ்ட், ஏடிஎக்ஸ், டெக்ஸ்டைல், ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் எல்லாத்தையும் பேர் சொல்லி நன்றி வச்சார். குறியோட வடிவமைப்பில் ஸ்வார்ட்ஸின் பங்கு பெரிசுன்னு தனியாவும் எழுதினார். ஸ்வார்ட்ஸுக்கு அப்ப பதினேழு வயசு. எச்டிஎம்எல்லை மறுபடியும் மார்க்டவுனா மாத்துற நிரலையும் அவரே எழுதினார். போன வழியே திரும்பி வர ஒரு பாதை.

அந்தப் பையனைப் பத்தி ரெண்டு வரியில் சொல்லிட்டுப் போக மனசு வரலை. பதினாலு வயசுல ஆர்எஸ்எஸ் 1.0 உருவாக்கத்தில் பங்கு. கிரியேட்டிவ் காமன்ஸின் ஆரம்ப காலத் தொழில்நுட்ப வேலை. 2005ல் ரெடிட். பிறகு எம்.ஐ.டி. இணைய வழியா ஜேஸ்டோர் ஆய்வுக் கட்டுரைகளை மொத்தமா இறக்கினார்னு அமெரிக்க மத்திய அரசு வழக்குப் போட்டது. விசாரணைக்கு முன்னாடியே, 2013 ஜனவரி 11ம் தேதி, இருபத்தாறு வயசில் தன் உயிரை மாய்ச்சுக்கிட்டார். கட்டுரைகள் பூட்டி வச்சதா இருக்கக்கூடாதுன்னு சொன்ன ஆளும், எழுதுறது மென்பொருளுக்குள்ள பூட்டிக்கக்கூடாதுன்னு குறி வகுத்த ஆளும் ஒரே ஆள்தான்.

மார்க்டவுன் 1.0 ஆகஸ்டில் வந்தது. 1.0.1 அதே 2004 டிசம்பர் 17ல். அதுக்கப்புறம் க்ரூபர் அதிகாரபூர்வமா ஒரு வெளியீடும் கொண்டுவரலை. அவரைப் பொறுத்தவரை வேலை முடிஞ்சது.

மத்தவங்களுக்கு அப்பத்தான் ஆரம்பிச்சது. பிஎச்பிக்கு மிஷெல் ஃபோர்டின் கொண்டுபோனார். அட்டவணை வேணும், அடிக்குறிப்பு வேணும்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சேர்த்தாங்க. 2006ல் ஜான் மெக்ஃபார்லேன் பாண்டாக் எழுதினார். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர் அவர்! எந்த வடிவத்தையும் எந்த வடிவத்துக்கும் மாத்துற அண்டாகா கசம். 2008ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் கிட்ஹப்பும் வந்தப்ப ரெண்டும் மார்க்டவுனை எடுத்துக்கிட்டது. அதோட உலகம் முழுக்கப் போயிடுச்சு.

சிக்கல் என்னன்னா, க்ரூபரோட விளக்கம் மனுஷன் படிக்கிற விளக்கம். இலக்கணம் கிடையாது. பட்டியலுக்குள்ள ஒரு குட்டிப் பட்டியல் போடணும்னா எத்தனை இடம் தள்ளணும்? ரெண்டா, நாலா? தலைப்புக்கு முன்னாடி காலி வரி கட்டாயமா? நட்சத்திரத்துக்குள்ள நட்சத்திரம் வந்தா எது எதோட ஜோடி? விளக்கத்தில் பதில் இல்லைன்னா அவரோட பெர்ல் கோப்பு என்ன பண்ணுதுன்னு பாருன்னாங்க. அதுலயும் பிழைகள் இருந்தது. ஒரே கோப்பு ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேற மாதிரி.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் இது நேரடியா எங்க தலையில விழுந்தது. உள் ஆவணங்கள் எல்லாம் மார்க்டவுன்ல இருந்தது. ஒரு நாள் மென்பொருளை மாத்தினாங்க. குட்டிப் பட்டியல் எல்லாம் நிமிர்ந்து அப்பன் பட்டியல் வரிசையில வந்து உட்கார்ந்துடுச்சு. "முதல்ல இதைச் செய், அதுக்குள்ள இந்த மூணையும் பாரு"ன்னு இருந்தது, "இந்த நாலையும் செய்"னு ஆயிடுச்சு. நூத்துக்கணக்கான பக்கம். ரெண்டு வாரம் இடைவெளி எண்ணிட்டு உட்கார்ந்திருந்தோம். ஆணி புடுங்குறதுன்னா என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை நிறுவினவர்களில் ஒருவரான ஜெஃப் அட்வுட் 2012ல் குரல் கொடுத்தார். மெக்ஃபார்லேன் உட்கார்ந்து விதிகளை எழுதினார். ரெண்டு வருஷம் அமைதியா வேலை நடந்து, 2014 செப்டம்பரில் "ஸ்டாண்டர்ட் மார்க்டவுன்"னு பேர் வச்சு அறிவிச்சாங்க. க்ரூபருக்குக் கோபம் வந்துடுச்சு. அவரோட உரிமத்திலேயே இருக்கு: நிரலை எடுத்துக்கோ, மாத்திக்கோ, ஆனா அனுமதி இல்லாம மார்க்டவுன்ங்கிற பேரை வச்சு உன் சரக்கை முன்னிறுத்தாதே. பேரை மாத்தச் சொன்னார். அட்வுட் மன்னிப்புக் கேட்டார். "காமன் மார்க்டவுன்"னு மாத்தினாங்க. அதுக்கும் ஒத்துவரலை. சில நாளில் "காமன்மார்க்"னு முடிஞ்சது.

யார் பக்கம் நியாயம்? பேர் விஷயத்தில் க்ரூபர் சொன்னது சரிதான்னு படுது. இன்னொருத்தர் பெத்த பிள்ளைக்கு நாம போய் "அசல்"னு பட்டம் கட்ட முடியாது. ஆனா அதுக்கு முந்தின பத்து வருஷம் அவர் கதவைத் திறக்கவே இல்லையே. மார்க்டவுன் ஜெயிச்சதே அதுக்குத் தரம்னு ஒண்ணு இல்லாததாலதான்ங்கிறது அவர் கட்சி. இது முழுசாப் பொய்யும் இல்லை. இறுக்கமா இருந்திருந்தா அவனவன் தன் இஷ்டத்துக்கு எடுத்து வச்சிருக்க மாட்டான். 2016 மார்ச்சில் ஆர்எஃப்சி 7763 மார்க்டவுனை ஒரு கோப்பு வகையா இணையத்தில் பதிவு பண்ணினப்பகூட, எந்த மார்க்டவுன்னு சொல்றதுக்கு ஒரு தனி இடம் ஒதுக்க வேண்டியிருந்தது.

அது கிடக்கட்டும். இப்ப நம்ம கதைக்கு வரேன். ஓரமா வைக்கச் சொன்ன பெரிய எழுத்து ஞாபகம் இருக்கா?

காமன்மார்க் விதிகள் நீளமானவை. 600க்கு மேல சோதனை உதாரணங்கள் இருக்கு. அதுல ஒரு விதி அண்டர்ஸ்கோரைப் பத்தினது. நிரலாளர்கள் பேர் வைக்கும்போது வார்த்தைகளை அண்டர்ஸ்கோரால் ஒட்டுவாங்க, கெட்_யூசர்_நேம் மாதிரி. நடுவுல இருக்கிற "யூசர்" மட்டும் சாய்ஞ்சு போனா நல்லாவா இருக்கும்? அதனால வார்த்தைக்கு நடுவில் வர்ற அண்டர்ஸ்கோர் அழுத்தக் குறி ஆகாதுன்னு முடிவு. கிட்ஹப் இதை 2009லயே தன் இடத்தில் பண்ணிடுச்சு. நிரலாளர்களுக்கு நியாயமான விதி.

தமிழ்ல என்ன ஆகும்? _மணிமேகலை_ன்னு தனியா நின்னா சரி. ஆனா தமிழ்ல பேர்ச்சொல் எங்கங்க தனியா நிக்குது? மணிமேகலையில், மணிமேகலையை, மணிமேகலைக்கு. வேற்றுமை உருபு ஒட்டிக்கிட்டுத்தான் வரும். _மணிமேகலை_யில் என்று எழுதினா, கடைசி அண்டர்ஸ்கோருக்குப் பின்னாடி இடைவெளி இல்லாம எழுத்து வந்துடுது. விதிப்படி அது வார்த்தையின் நடு. சாய்வு வராது, அண்டர்ஸ்கோர் ரெண்டும் அப்படியே பல்லைக் காட்டும். க்ரூபரோட 2004 பெர்ல் கோப்பில் இதே வரி ஒழுங்கா வேலை செய்தது! தளர்வான பழைய கோப்பில் தமிழுக்கு இடம் இருந்தது, இறுக்கமான புதுத் தரத்தில் இல்லாமப் போச்சு.

நட்சத்திரத்துக்கு மாறினா பாதிப் பிரச்சினை தீரும். **மணிமேகலை**யில் என்றால் தடிப்பு வரும். நட்சத்திரத்தை யாரும் நிரல் பேருக்குள்ள வைக்கிறதில்லை, அதனால விதி அதுமேல கை வைக்கலை. ஆனா நூல் பேருக்கு மேற்கோள் குறி போடுற வழக்கம் நமக்கு உண்டே. **"மணிமேகலை"**யில் என்று எழுதிப் பாருங்க. உள்பக்கம் மேற்கோள் குறி, வெளிப்பக்கம் எழுத்து. இப்படி இருந்தா அந்த நட்சத்திரங்களால் அழுத்தத்தை முடித்து வைக்க முடியாதுங்கிறது இன்னொரு விதி. நாலு நட்சத்திரமும் அப்படியே வானத்துல நிக்கும். ஆங்கிலத்தில் மேற்கோளுக்குப் பின்னாடி இடைவெளியோ காற்புள்ளியோ வரும், அதனால விதி எழுதினவங்க கண்ணுல இது படலை. சீனம், ஜப்பான், கொரிய மொழிக்காரங்க இதே விஷயத்துக்காக வருஷக்கணக்கா முறையிட்டுட்டு இருக்காங்க; அவங்க எழுத்திலும் இந்த இடத்தில் இடைவெளி வராது. 2024 ஜனவரியில் வந்த 0.31.2 வடிவத்திலும் இந்த விதி அப்படியேதான் இருக்கு.

சாய்வெழுத்தே தமிழுக்கு அந்நியம்ங்கிறது வேற கதை. நம்ம அச்சு மரபில் சாய்வுன்னு தனி எழுத்து கிடையாது. திரையில் வர்றது நேர் எழுத்தை இழுத்துச் சாய்ச்சது. சுழியும் கொம்பும் காத்துல பறக்கிற மாதிரி இருக்கும். அழுத்தத்துக்கு நமக்கு ஏகாரம் இருக்கு, "தான்" இருக்கு. "நேத்தே வந்தான்", "அவன்தான் வந்தான்". எந்த நட்சத்திரமும் வேண்டாம். ஆனாலும் நூல் பேரைப் பிரிச்சுக் காட்ட, ஒரு எச்சரிக்கையைத் தடிமனாப் போடக் குறி வேண்டித்தான் இருக்கு.

இதெல்லாம் முன்னாடி பொட்டி தட்டுறவங்க பாடுன்னு விட்டுடலாம். இப்ப முடியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததுல இருந்து, இயந்திரங்கள் மனுஷங்களுக்குப் பதில் எழுதுறதே மார்க்டவுன்லதான். கூகிள் டாக்ஸ் 2024ல் மார்க்டவுனா ஏற்றுமதி பண்ண ஆரம்பிச்சது. வெற்று உரைக்கே அடையாளமான விண்டோஸ் நோட்பேடுக்குள்ளயும் 2025ல் மார்க்டவுன் வந்துடுச்சு. தமிழ்ல இந்த இயந்திரங்கள்கிட்ட ஏதாவது கேட்டுட்டு, பதிலில் அங்கங்க ரெண்டு ரெண்டு நட்சத்திரம் துருத்திட்டு நிக்கிறதைப் பார்த்திருப்பீங்களே? அது இயந்திரத்தோட கிறுக்கு இல்லை. நிறைய இடத்தில் மேற்கோளுக்குப் பின்னாடி ஒட்டின உருபு பண்ற வேலை.

தற்காலிக வைத்தியம் ஒண்ணு இருக்கு. மேற்கோள் குறியை நட்சத்திரத்துக்கு வெளியே தள்ளிடுங்க: "**மணிமேகலை**"யில். இப்படிப் போட்டா விதிக்கும் வயிறு நிறையும், தடிப்பும் வரும். அண்டர்ஸ்கோரைத் தமிழ்ல தொடவே தொடாதீங்க. இன்னொண்ணு, வரியை "2004. அந்த வருஷம்தான்..."னு எண்ணும் புள்ளியுமா ஆரம்பிக்காதீங்க; அதைப் பட்டியல்னு எடுத்துக்கும். பழைய பெர்ல் கோப்பா இருந்தா 2004ஐத் தூக்கிட்டு 1னு வேற போடும் :-)

காமன்மார்க் விவாதக் களத்தில் சீன, ஜப்பானியக்காரங்க உதாரணங்களோட வரிசையா நிக்கிறாங்க. உருபு ஒட்டின உதாரணம் நம்மகிட்ட மூட்டை மூட்டையா இருக்கு. மேல சொன்ன மூணு வரியையும் நீங்க எழுதுற இடத்தில் அடிச்சுப் பார்த்து, எது எப்படித் தெரியுதுன்னு பின்னூட்டத்தில் போடுங்க. எந்த மென்பொருள்னும் சேர்த்துச் சொல்லுங்க. பத்துப் பதினைஞ்சு சேர்ந்தா மொத்தமா எடுத்துட்டுப் போய்க் கொடுத்துடலாம்.